பலூனில் காட்டாத வெறி

நம்மட பக்கத்தில் யாராவது வாகனத்தோடு போய் அடிபட்டார் என்று செய்தி வந்தால் ஆட்கள் உடனே கேட்கிறது ரெண்டு கேள்விதான். குடிச்சிருந்தானா, இல்லாட்டி ஐஸா? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்டு நான் கண்டதில்லை. தடிமனுக்கு ஏதும் குளிசை போட்டிருந்தானா? சிரிக்க வேண்டாம். இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றித்தான். மீதிப் பாதியில் கஞ்சாவும் ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின் போதையும் நித்திரைக் குளிசையும் வரும், ஏனென்றால் இதை ஆராய்ந்தவர்கள் சட்டம் எதைத் தடுத்தது, டாக்குத்தர் எதை எழுதிக் கொடுத்தார் என்று பார்க்கவில்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்பதை மட்டும்தான் பார்த்தார்கள்.

நான் வேலை செய்வது மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம், கல்முனை ரோட்டுக் கரையில் ஒரு பாமசியில். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வருகிற ஆட்களில் பாதிப்பேர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மருந்து கேட்கிறவர்கள். பைக்கை ஓஃப் பண்ணாமல் ரோட்டில் நிறுத்திவிட்டு, ஒரு காலை எங்கள் படியில் வைத்துக்கொண்டு, “ரெண்டு பிரிட்டன் தாங்க தம்பி” என்று கையை நீட்டுவார்கள். பிரிட்டன் என்பது தடிமனுக்கும் தும்மலுக்கும் போடுகிற குளிசை. சிலர் வாங்கின இடத்திலேயே தண்ணீர் கேட்டு விழுங்கிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்கள். இந்த ரோட்டில் அவர்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொழுதுபட்டால் தார்ச் சூட்டுக்கு வந்து படுக்கிற மாடு, பின்லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர் பெட்டி, ரியூஷன் விட்டு மூன்று பேராகச் சமாந்தரமாகப் போகிற பிள்ளைகளின் சைக்கிள், அறுவடைக் காலமென்றால் பாதி ரோட்டில் காயப்போட்ட நெல். வெறும் உடம்போடு ஓடுகிறவனுக்கே கண் ரெண்டும் காணாத ரோடு இது.

போன மாரிக்குள் ஒரு வேன்கார அண்ணன் வந்தார். வெளிநாடு போகிற ஆட்களை இரவிரவாகக் கட்டுநாயக்காவுக்கு ஏற்றிப் போகிறவர், எங்களுக்கு நல்ல பழக்கம். மூக்கு சிவந்து, கண்ணால் தண்ணி ஓடுது.

“தம்பி, பிரிட்டன் ஒரு நாலு தாங்க. பத்து மணிக்கு எயார்போட் ஹயர் ஒண்டு இருக்கு.”

“அண்ணன், அது நித்திரையாக்கும். இரவு முழுக்க ஓடப்போறீங்க.”

“எனக்கு அது ஒண்டும் செய்யாது தம்பி. பழகின உடம்பு.”

இந்த ‘எனக்கு ஒண்டும் செய்யாது’ இருக்கிறதே, இதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். குடிக்கிறவரும் அதைத்தான் சொல்கிறார், கஞ்சா அடிக்கிற பொடியனும் அதைத்தான் சொல்கிறான், பிரஷருக்கும் நித்திரைக்கும் சேர்த்துக் குளிசை போடுகிற ஓய்வுபெற்ற வாத்தியாரும் அதைத்தான் சொல்கிறார். அன்றிரவு கடை பூட்டின பிறகு ஒரு ஆர்வத்தில் தேடத் தொடங்கினேன். இதை யாராவது ஆளை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று. பார்த்திருக்கிறார்கள், அதுவும் நான் நினைத்ததை விட விசித்திரமான முறைகளில்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய ஓட்டுப் பாவனைக்கூடம் இருக்கிறது. நிஜக் காரின் உடம்பை ஒரு கூண்டுக்குள் வைத்து, சுற்றிவரத் திரையில் ரோட்டை ஓடவிட்டு, காரையும் சேர்த்து ஆட்டுவார்கள். அங்கே செய்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 40 பேரை எடுத்தார்கள், எல்லாரும் ஒவ்வாமைத் தும்மல்காரர், லைசன் உள்ளவர்கள். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தடவைகளில் நான்கு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு தடவை மருந்தே இல்லாத வெறும் போலிக் குளிசை, ஒரு தடவை நித்திரை தராத பெக்சோபெனடின், ஒரு தடவை பழைய வகை ஒவ்வாமை மருந்தான டைபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம், இன்னொரு தடவை இரத்தத்தில் 0.1 வீதம் வரும் அளவுக்கு மது. என்ன தருகிறார்கள் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. முன்னால் ஒரு கார் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் போகும், நீங்கள் அதற்கு ஏற்ற மாதிரிப் பின்னால் போக வேண்டும், அதுதான் முக்கியமான சோதனை.

முன்காரைப் பின்தொடர்வதில் எல்லாரையும் விட மோசமாக வந்தது டைபென்ஹைட்ரமின். மதுவை விட மோசம். 0.1 வீதம் என்பது நம்மட நாட்டுச் சட்ட எல்லையான 0.08ஐத் தாண்டிய அளவு, பொலிஸ் பிடித்தால் நேரே கோட்டுக்குத்தான். அந்த ஆளை விட, ஒவ்வாமைக் குளிசை போட்ட ஆள் மோசமாக ஓட்டியிருக்கிறார். பெக்சோபெனடின் போட்டவர்கள் போலிக் குளிசை போட்டவர்கள் மாதிரியே ஓட்டினார்கள். ஆனால் நான் அந்த ஆய்வில் நின்று நின்று வாசித்தது வேறு இடம். ஓட்ட முதல் ‘உங்களுக்கு எவ்வளவு நித்திரையாக இருக்கு’ என்று கேட்டுக் குறித்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன பதிலுக்கும், அவர்கள் ஓட்டின லட்சணத்துக்கும் பெரிதாகத் தொடர்பே இல்லை. நித்திரை இல்லை என்றவரும் கெட்டுத்தான் ஓட்டினார்.

பிரிட்டனில் இருப்பது டைபென்ஹைட்ரமின் இல்லை, குளோர்பெனிரமின். ஆனால் ஒரே குடும்பம். இந்தப் பழைய வகை மருந்துகள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் லேசாகப் புகுந்துவிடும், நம்மை விழிப்பாக வைத்திருக்கிற ஹிஸ்டமின் வேலை செய்யும் இடங்களை அங்கே அடைத்துவிடும். ஒவ்வாமைத் தும்மலை நிறுத்துகிற அதே வேலைதான், மூளையில் செய்தால் மந்தம். இன்னொன்று, குளோர்பெனிரமின் உடம்பில் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்கு இருபது மணித்தியாலம் அளவில் பிடிக்கும். இரவு போட்டுப் படுத்தால் விடிய எல்லாம் போயிருக்கும் என்கிற கணக்குச் சரிவராது. இருமல் பாணிகள் பலவற்றிலும் இந்த வகை மருந்துதான் கலந்திருக்கிறது, போத்தலின் பக்கத்தில் எறும்பெழுத்தில் ‘வாகனம் ஓட்ட வேண்டாம்’ என்றும் இருக்கும். அதையும் ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள்.

பாவனைக்கூடத்தை நம்பாதவர்களுக்கு ஒல்லாந்துக்காரர் செய்தது இருக்கிறது. அவர்கள் ஆளுக்கு மருந்தைக் கொடுத்து, நிஜமான கார், நிஜமான நெடுஞ்சாலை, மற்ற வாகனங்களும் போய்க்கொண்டிருக்க, மணிக்கு 95 கிலோமீற்றர் வேகத்தில் 100 கிலோமீற்றர் தூரம் ஓடவிடுவார்கள். பக்கத்துச் சீட்டில் தனக்கென்று பிரேக் உள்ள ஒரு பயிற்றுநர் இருப்பார். காரில் பூட்டிய கமரா ஒன்று வெள்ளைக் கோட்டுக்கும் காருக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்துகொண்டே வரும். ஓட்டுகிறவருக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான், வேகத்தை மாற்றாமல் நேரே ஓடு. கார் எத்தனை சென்ரிமீற்றர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலைந்தது என்பதுதான் விடை. 1982இல் சயன்ஸ் இதழில் ஓஹான்லனும் கூட்டாளிகளும் இந்த முறையில் டயசிபாம், அதாவது நம்ம ஆட்கள் வேலியம் என்கிற குளிசை, காரை அலைய வைக்கிறது என்று காட்டினார்கள். அன்றிலிருந்து மருந்துகளை இதே அளவுகோலில் அளந்து வருகிறார்கள். இரத்தத்தில் 0.05 வீதம் மது இருந்தால் அலைச்சல் சுமார் 2.4 சென்ரிமீற்றர் கூடும் என்பதும் அவர்கள் ஓட்டிப் பார்த்துக் கண்ட கணக்குத்தான்.

ரெண்டரை சென்ரிமீற்றர்தானே என்று எனக்கும் முதலில் பட்டது. ஆனால் அது சராசரி அலைச்சலில் வருகிற கூடுதல். முழுக் காரும் ஒரே சீராக ரெண்டரை சென்ரிமீற்றர் தள்ளிப் போகிறது என்று அர்த்தமில்லை. அலைச்சல் கூடக்கூட, எப்போதாவது ஒரு தடவை கோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் போகிற வாய்ப்பும் கூடுகிறது. ஒல்லாந்து நெடுஞ்சாலையில் கோட்டைத் தாண்டினால் அடுத்த லேன் இருக்கிறது. செட்டிபாளையத்தில் கோட்டைத் தாண்டினால் எதிரே பஸ் வரும்.

சரி, கஞ்சாவுக்கு வருவோம். இதில் நான் எதிர்பார்த்தது ஒன்று, வாசித்தது வேறொன்று. கஞ்சா அடித்தால் உடனே விபத்து என்று யாராவது சொன்னால் அது மிகைப்படுத்தல். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வேர்ஜினியா பீச் நகரத்தில் 20 மாதங்களாக, விபத்தில் மாட்டிய 3,000க்கு மேற்பட்ட சாரதிகளையும், அதே இடத்தில் விபத்தில்லாமல் போன 6,000 சாரதிகளையும் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டது. கஞ்சாவில் வெறியைத் தருகிற சாமானான டிஎச்சி உடம்பில் இருந்தவர்கள் 25 வீதம் கூடுதலாக விபத்தில் மாட்டியிருந்தார்கள். ஆனால் வயது, ஆணா பெண்ணா, மதுவும் குடித்திருந்தாரா என்பதையெல்லாம் கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. கஞ்சா அடிக்கிறவர்களில் பெரும்பகுதி இளம் ஆண்கள், இளம் ஆண்கள் கஞ்சா இல்லாமலும் போய் இடிக்கிறவர்கள்தான். இதை மட்டும் வாசித்துவிட்டு ‘பாத்தியா’ என்று நெஞ்சை நிமிர்த்துகிற ஆட்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களுக்கு மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, கஞ்சா அடித்து உடனே ஓட்டினால் கடும் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றது. 2016இல் வேறு ஆட்கள் அதைத் திருத்திக் கணக்கிட்டு, இரு மடங்கு இல்லை, மூன்றில் ஒரு பங்கு அளவுதான் கூடுகிறது என்றார்கள். கூடுகிறது என்பதில் ரெண்டு பேரும் ஒன்றுதான், எவ்வளவு என்பதில்தான் சண்டை.

ஏன் குடியை விடக் குறைவாக வருகிறது? இதற்கு ஆராய்ச்சிக்காரர் சொல்கிற ஒரு காரணம் எங்கள் ஊர் ஆட்களைப் பார்த்தாலே விளங்கும். குடித்தவனுக்குத் தன் திறமை கூடிவிட்ட மாதிரி இருக்கும், ஏற்றுவான், முந்துவான். கஞ்சா அடித்தவனுக்குப் பெரும்பாலும் தான் ஒரு மாதிரி இருப்பது தெரியும், பயத்தில் மெதுவாகப் போவான், இடைவெளி விடுவான். அந்த மெதுவாகப் போவது கொஞ்சம் காப்பாற்றுகிறது. ஆனால் மாடு எழும்பிக் குறுக்கே வந்தால் மெதுவாக ஓடினதால் மட்டும் முடியாது, மூளை திடுக்கிட்டுத் திரும்ப வேண்டும், அந்த இடத்தில்தான் கஞ்சா காலை வாரும்.

அந்தப் பயமும் நெடுநேரம் நிற்பதில்லை. கலிபோர்னியாவில் சான் டியாகோவில் 191 பேரை, எல்லாரும் வழக்கமாகக் கஞ்சா அடிக்கிறவர்கள், புகைக்கவிட்டுப் பாவனைக்கூடத்தில் ஓட்டச் செய்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் பலர் ‘இப்ப ஓட்ட மாட்டேன்’ என்று பின்வாங்கினார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் பாதிக்கு மேற்பட்டோர் ‘இப்ப ஓட்டலாம்’ என்றார்கள். ஓட்டத்தைப் பார்த்தால் முன்னேற்றமே இல்லை, அரை மணித்தியாலத்தில் இருந்த நிலைதான். உண்மையில் தெளிந்தது நாலரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. அந்த ரெண்டுக்கும் இடையில் உள்ள மூன்று மணித்தியாலம்தான் பயம், ஏனென்றால் அப்போது ஆள் நல்லா இருப்பதாக நினைக்கிறார், ஆனால் இல்லை. வழக்கமாக அடிக்கிறவர்களுக்கே இப்படி. ‘பழகின உடம்பு’ என்பவர்களைத்தான் தேடிப் பிடித்துச் சோதித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம்ம பக்கத்தில் இன்னொரு சிக்கல், கஞ்சா என்றாலே புகை என்றுதான் நினைக்கிறார்கள். மதன மோதகம் உருண்டை வாங்கித் தின்கிறவர் தன்னைக் கஞ்சாக்காரன் என்று நினைக்கவே மாட்டார், அவரைப் பொறுத்தவரை அது சமிபாட்டுக்கு மருந்து. புகைத்தால் சில நிமிஷத்தில் ஏறும், வயிற்றுக்குள் போனால் ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலம் கழித்துத்தான் ஏறும், இறங்கவும் நேரமெடுக்கும். ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னொரு உருண்டையையும் போட்டுவிட்டு ஆள் பைக்கில் ஏறி அரைவாசித் தூரம் போன பிறகு மெல்ல ஏறும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒல்லாந்தில் அதே நெடுஞ்சாலையில் கஞ்சாவின் டிஎச்சியையும் மதுவையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மது சின்ன அளவுதான், இரத்தத்தில் 0.04 வீதம் வருகிற அளவு. அந்தச் சின்ன மதுவோடு குறைந்த அளவு டிஎச்சி சேர்ந்தபோது கார் அலைந்த அலைச்சல், வெறும் மது 0.09 வீதம் இருந்தால் வருகிற அலைச்சலுக்குச் சமம். கூடிய அளவு டிஎச்சி சேர்ந்தபோது 0.14 வீதத்துக்குச் சமம். இதை நம்மட ரோட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கல்லடிப் பாலத்தடியில் பொலிஸ் மறித்து பலூன் ஊதச் சொல்கிறது. பலூனில் காட்டுவது 0.04. எல்லைக்குள்தானே, போ என்று விட்டுவிடுவார்கள். ஆள் சிரித்துக்கொண்டு போவான், ஓடுவது 0.14காரன் மாதிரி. பலூன் பொய் சொல்லவில்லை, அது அளக்க வந்ததை அளந்திருக்கிறது. ஒரு பியரும் ஒரு கஞ்சாப் பீடியும் என்று ரெண்டையும் சின்ன அளவில் எடுத்தால் சின்னதுதான் என்று நம்ம பொடியன்கள் போடுகிற கணக்குத்தான் பிழை.

சரி, கஞ்சாவுக்கும் பலூன் மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். அதில்தான் எல்லா நாடும் முட்டுப்பட்டு நிற்கிறது. மது தண்ணீரில் கரைகிற சாமான், இரத்தத்தில் எவ்வளவோ அந்தளவு வெறி, கிட்டத்தட்ட. டிஎச்சி கொழுப்பில் கரையும். புகைத்த கொஞ்ச நேரத்திலேயே இரத்தத்தில் சடாரென்று இறங்கிவிடும், வெறி அப்போதும் இருக்கும். மறுபக்கம், நாளாந்தம் அடிக்கிறவரின் கொழுப்பில் ஊறிக் கிடந்து கசிந்துகொண்டே இருக்கும், வெறி இல்லாத நாளிலும் காட்டும். சான் டியாகோக்காரரும் இரத்தத்தில் உள்ள டிஎச்சி அளவுக்கும் ஓட்டம் கெட்ட அளவுக்கும் தொடர்பைக் காணவில்லை. இது தெரிந்தும் நாடுகள் ஏதோ ஒன்றைச் செய்யத்தான் வேண்டியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரில் ரோட்டில் மறித்து எச்சில் எடுத்துச் சோதிக்கத் தொடங்கியது. உலகத்திலேயே அதுதான் முதல். இங்கிலாந்து 2015 மார்ச்சிலிருந்து இரத்தத்தில் இன்னின்ன சாமான் இத்தனைக்கு மேல் இருந்தால் குற்றம் என்று எல்லை போட்டது, டிஎச்சிக்கு லீற்றருக்கு 2 மைக்ரோகிராம். ஆள் கெட்டு ஓட்டினாரா என்ற கேள்வியே அங்கே இல்லை, இருந்தால் குற்றம், அவ்வளவுதான்.

நம்ம நாட்டில் பஸ் சாரதிகளைப் பிடித்துச் சிறுநீர் சோதிப்பது பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. சோதிக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கொழும்பு பஸ்ஸில் இரவில் போகிறவன் நானும்தான். ஆனால் சிறுநீர் என்ன சொல்லும் என்று தெரிந்துகொண்டு சோதிக்க வேண்டும். கஞ்சாவின் எச்சம் நாளாந்தம் அடிக்கிறவரின் சிறுநீரில் கிழமைக்கணக்கில் நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமை அடித்துவிட்டு இன்று தெளிவாக ஓட்டுகிறவர் பிடிபடுவார். ரெண்டு பிரிட்டனும் ஒரு மூடி இருமல் பாணியும் குடித்துவிட்டுக் கண் சொக்கச் சொக்க ஓட்டுகிறவர் சோதனையில் பாஸ், கைகுலுக்கி அனுப்புவார்கள்.

ஐஸ் பற்றிக் கேட்பீர்கள். இரவுக் கூலர் லொறி ஓடுகிற ஆட்கள், வாழைச்சேனையிலிருந்து மீன் ஏற்றி விடியமுதல் பேலியகொட சேர வேண்டியவர்கள், அதில் சிலர் எதற்காக அதைத் தொடுகிறார்கள் என்று எனக்கு விளங்குகிறது. நித்திரையை அடிக்கிறது, முழிப்பாக இருக்கிறது, முதலாளிக்கு நேரத்துக்குப் போய்ச் சேருகிறது. ஐரோப்பாவில் 2006 முதல் 2011 வரை நடந்த ட்ரூயிட் என்ற பெரிய ஆய்வுத் திட்டம், ஐஸின் குடும்பமான அம்பெட்டமின்களைக் கடும் காயம், சாவு வருகிற ஆபத்து 5 முதல் 30 மடங்கு கூடுகிற வகுப்பில் போட்டது. கஞ்சாவை 1 முதல் 3 மடங்கு வகுப்பில். மதுவோடு வேறு போதையும் சேர்ந்தால் 20 முதல் 200 மடங்கு. இதில் எனக்கு விசித்திரமாகப் பட்ட விஷயம் வேறு ஒன்று. 2006இல் ஒல்லாந்தில் ஐஸுக்குச் சொந்தக்காரச் சரக்கான எம்டிஎம்ஏயைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தபோது கார் அலைவது குறைந்தது. ஆம், குறைந்தது, கோட்டில் பிசகாமல் நேராக ஓடினார்கள். ஆனால் முன்கார் வேகத்தைக் குறைத்தபோது தேவைக்கு மேலாகத் துள்ளிப் பிரேக் பிடித்தார்கள். நேராக ஓடுவதற்கும் நல்லா ஓட்டுவதற்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரிகிறது. ‘ஐஸ் போட்டா ஓட்டம் நல்லா இருக்கு’ என்று சொல்கிறவனுக்கு உண்மையாகவே அப்படித்தான் தெரியும், அவன் பொய் சொல்லவில்லை. மறுகா அது இறங்கும்போது, அடக்கி வைத்த நித்திரை எல்லாம் சேர்த்து வந்து அடிக்கும், அது மகியங்கனைப் பக்கத்து வளைவிலா வேறெங்கேயா என்று அவனுக்கே தெரியாது.

எங்கள் கடைக்கு இன்னும் கிட்டவாக வருகிற ஒரு ஆய்வு இருக்கிறது, அதை எழுதியவர்களில் முதல் பெயர் பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாரக தசநாயக்க. அவுஸ்திரேலியக் கூட்டாளிகளோடு சேர்ந்து, அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2011இல் வெளியிட்டார். டயசிபாம் வகை மருந்துகள், அதாவது பென்சோடயசிபைன்கள், விபத்து வாய்ப்பை 60 முதல் 80 வீதம் வரை கூட்டுகின்றன என்று வந்தது. அதே குளிசையோடு மதுவும் சேர்ந்தால் 7.7 மடங்கு. நான் எதிர்பாராதது, வயதானவர்களை விட 65க்கு உட்பட்டவர்களில்தான் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. நாங்கள் கடையில் கிழவர்களுக்குத்தான் கவனம் சொல்லுவோம், நாற்பது வயது ஆளிடம் நித்திரைக் குளிசைத் துண்டை வாங்கிப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்போம்.

இரவில் போட்ட குளிசை விடிந்தும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பதற்கு அமெரிக்க மருந்து நிர்வாகமே சாட்சி. சொல்பிடெம் என்ற நித்திரைக் குளிசையின் அளவைப் பெண்களுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைக்கச் சொல்லி 2013இல் உத்தரவிட்டார்கள். காரணம், 10 மில்லிகிராம் போட்டு எட்டு மணித்தியாலம் கழித்து இரத்தத்தைப் பார்த்தபோது, ஓட்டத்தைக் கெடுக்கிற அளவு மருந்து பெண்களில் 15 வீதமானோருக்கும் ஆண்களில் 3 வீதமானோருக்கும் இன்னும் இருந்தது. இரவு பத்து மணிக்குக் குளிசை போட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்குப் பிள்ளையை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் விடுகிற அம்மாவின் கணக்கு இது.

எல்லா மருந்தும் எப்போதும் கெடுக்கும் என்றும் இல்லை. நரம்பு வலிக்கு இரவில் கொடுக்கிற அமிற்றிப்ரிலின் 25 மில்லிகிராமை நோயாளிகளுக்கே கொடுத்து நெடுஞ்சாலையில் சோதித்தார்கள். முதல் நாள் ஓட்டம் கெட்டது. ரெண்டு கிழமை தொடர்ந்து எடுத்த பிறகு அந்தக் கெடுதல் இல்லை. ஆக சில மருந்துக்கு உடம்பு பழகத்தான் செய்கிறது, அந்த மட்டில் வேன்கார அண்ணனின் ‘பழகின உடம்பு’ வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஆனால் வருஷத்தில் நாலு தரம் தடிமன் வரும்போது போடுகிற குளிசைக்கு உடம்பு எங்கே பழகுவது.

அவருக்கு அன்று பெக்சோபெனடின் கொடுத்தேன். விலையைக் கேட்டதும் முகம் சுருங்கியது, பிரிட்டனோடு பார்த்தால் எத்தனையோ மடங்கு. “தடிமனுக்கு இவ்வளவா?” என்று ஒரு குளிசை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அது தும்மலுக்கும் தூசுக்கும் நல்லா வேலை செய்யும், தடிமன் ஒழுகலுக்குப் பழையதளவு கேட்காது என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன், உள்ளதைச் சொல்ல வேண்டுமே. ஆவி பிடிக்கவும் சொன்னேன். வேன் ஓடுகிறவருக்கு ஆவி பிடிக்க எங்கே நேரம் என்று கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது கடையில் நாங்கள் ஒன்று செய்கிறோம், பெரிய விஷயமில்லை. தடிமன், இருமல், வலி, நித்திரை என்று யார் கேட்டாலும் “என்ன வாகனத்தில வந்தீங்க?” என்று கேட்கிறது. “நித்திரை வருமா?” என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள், வாகனத்தைக் கேட்டால் உண்மையைச் சொல்லுவார்கள். பைக் என்றால் வீட்டுக்குப் போன பிறகு போடச் சொல்லி, பையில் தமிழில் எழுதிக் கொடுக்கிறோம். சிலர் கோபிக்கிறார்கள். ஒருவர் “நான் என்ன குடிகாரனா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார், அங்கே நாலு வாங்கியிருப்பார்.

கடைசியாக ஒன்று. இதை வாசித்துவிட்டு யாரும் வலிப்புக் குளிசையையோ மனநலக் குளிசையையோ பிரஷர் மருந்தையோ தானாக நிற்பாட்ட வேண்டாம். வலிப்பு மருந்தை விட்டுவிட்டு ஓட்டுவது, அதைப் போட்டுவிட்டு ஓட்டுவதை விடப் பல மடங்கு மோசம். புதுசாக ஒரு மருந்து தொடங்கினால், அல்லது அளவைக் கூட்டினால், அந்த முதல் கொஞ்ச நாளைக்கு வாகனத்தை வேறு யாரிடமாவது கொடுங்கள், எழுதின டாக்குத்தரிடம் ‘நான் வாகனம் ஓடுகிறவன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், கிளினிக்கில் கூட்டமாக இருந்தாலும் சொல்லுங்கள். அநேகமான நோய்க்கு நித்திரை தராத வேறு மருந்து இருக்கும், கேட்டால்தான் எழுதுவார்கள்.